மொட்டைமாடி மழைக் கணக்கை அரசு ஏற்கட்டும்

2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் கொட்டித் தீர்த்த மழையை நகரம் எளிதில் மறக்காது. இப்படியொரு மழை வரும் என்று முன்னெச்சரிக்கை இல்லாத நாள் அது. எம்.ஆர்.சி. நகரில் பதிவான மழை 17 சென்டிமீட்டரைத் தாண்டியது. மீனம்பாக்கத்தில் பெய்தது அதைவிட வெகு குறைவு. வேலை முடிந்து கிளம்பியவர்கள் பல மணி நேரம் சாலையிலேயே சிக்கித் தவித்தார்கள்.

“சென்னையில் இன்று இத்தனை சென்டிமீட்டர் மழை” என்று செய்தியில் வருவது பெரும்பாலும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களின் அளவு. தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் எப்போது தண்ணீர் ஏறும், மாம்பலம் கால்வாய் எந்த இடத்தில் கரை மீறும் என்பதை அந்த இரண்டு எண்களைக் கொண்டு சொல்லிவிட முடியாது. அதற்குத் தெருவாரியான அளவு வேண்டும். வீட்டு மாடியிலும் தோட்டத்திலும் மழைமானி வைத்து அளந்து எழுதிவரும் வானிலை ஆர்வலர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு அரசுக் கணக்கில் முறைப்படி சேர வேண்டும்.

இந்தக் கோரிக்கை சென்னைக்குப் புதிதல்ல. நகரத்தின் வானிலைப் பதிவே ஓர் ஆர்வலரின் முயற்சியில்தான் வேர்விட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-ல் எழும்பூரில் சொந்தமாக ஒரு வான் ஆய்வுக்கூடம் அமைத்தார். அது கம்பெனியின் கைக்கு வந்து, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் ஆய்வகமாக வளர்ந்தது. நம் காலத்திலும், 2015 வெள்ளத்தின்போது ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்களின் பதிவுகளைத்தான் பல்லாயிரம் பேர் நம்பிக் காத்திருந்தார்கள்.

வீட்டருகே நடப்பதைப் பொறுமையாகப் பதிவுசெய்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சான்று உண்டு. 1943 இறுதியில் ஹொக்கைடோ தீவின் ஊசு எரிமலை அருகே நிலம் அதிர்ந்து, வயல்வெளி மேலெழும்பத் தொடங்கியது. போர்க்காலமாதலால் அரசு அந்தச் செய்தியை வெளியே விடவில்லை. அப்பகுதி அஞ்சலகத் தலைவர் மசாவோ மிமாட்சு, அஞ்சலகத்தில் கிடைமட்டமாக நூல் கட்டி, ஒரே இடத்திலிருந்து பார்த்து, புதிய மலை எழும்பியதைத் தொடர்ந்து வரைந்தார். 1948-ல் ஓஸ்லோவில் கூடிய எரிமலை அறிஞர்கள் அந்த வரைபடத்தைப் போற்றினார்கள். நூலும் பென்சிலும்தான் அவருடைய கருவிகள்.

மழைக்கு இன்னும் நெருக்கமான முன்னுதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1997 ஜூலையில் ஃபோர்ட் காலின்ஸ் நகரின் ஒரு பகுதியில் மட்டும் பேய்மழை கொட்டியது. வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே அங்கு பொதுமக்கள் மழையளக்கும் அமைப்பு ஒன்று தொடங்கியது. இன்று நாடெங்கும் பல்லாயிரம் பேர் தினமும் அனுப்பும் அளவுகளை அந்நாட்டு வானிலைத் துறை பயன்படுத்துகிறது.

ஆர்வலர்களின் அளவு பிழையாக இருக்கலாம் என்பது நியாயமான கவலை. அதற்கு மருந்து பயிற்சி. மழைமானியைத் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், தென்னை மரம் இவற்றின் அருகே வைக்கக்கூடாது. தடை எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப்போல் இரு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். காலை 8.30-க்கு, அளவுக் குடுவையைக் கண் மட்டத்தில் பிடித்து, நீர்ப்பரப்பு நடுவில் குழிந்திருக்கும் கோட்டைப் படிக்க வேண்டும். மழையில்லாத நாளில் தவறாமல் பூஜ்யம் எழுத வேண்டும். வெற்றிடம் விட்டால் மழை இல்லையா, ஆள் இல்லையா என்று பின்னால் தெரியாது. ஒரு பள்ளி மாணவிக்கு ஒரு மணி நேரத்தில் கற்றுத்தரக்கூடிய ஒழுங்கு இது.

வதந்தி பரவும் என்ற அச்சமும் உண்டு. பெய்த மழையை அளப்பது வேறு, வரப்போகும் மழையை அறிவிப்பது வேறு. எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு வானிலை மையத்திடமே இருக்கட்டும். பொய் எச்சரிக்கையால் பீதி கிளப்புவோரைத் தண்டிக்கப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் ஏற்கெனவே இடமிருக்கிறது. தானியங்கிக் கருவிகள் போதுமே என்பார்கள். அவையும் தேவைதான். ஆனால் புனலில் இலை அடைத்துக்கொண்டதையோ, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதையோ கருவி சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார்.

இந்தக் கணக்கு வெள்ளத்துக்கு மட்டும் உதவுவதன்று. ஒரு கிரவுண்டு மனையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 22,300 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் கிட்டத்தட்ட இரண்டு லோடு. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019-ஐப் பார்த்த நகரம், தன் கூரைமீது விழுவது எவ்வளவு என்று தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் பள்ளிகளுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் தரமான மழைமானி வழங்க வேண்டும். மண்டல வானிலை மையம் பயிற்சி தந்து, அளவுகளைச் சரிபார்த்து, ‘பொதுமக்கள் பதிவு’ என்ற குறிப்போடு வெளியிட வேண்டும். கனமழை நாளில் மணிவாரி அளவும் தெருவில் நின்ற நீரின் உயரமும் சேர்ந்து பதிவாக வேண்டும். மழைநீர் வடிகாலின் அகலத்தை முடிவுசெய்ய மணிக்கு எவ்வளவு பெய்தது என்பதே அடிப்படை. 2015-ல் அடையாறு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீட்டுச் சுவர்களில் விட்டுச்சென்ற நீர்க்கோடுகள் வெள்ளையடிப்பில் மறைந்துவிட்டன. இனியொரு வெள்ளத்தின் சான்றும் அப்படி அழியக்கூடாது.

இதற்கு ஆகும் செலவு, ஒரு தெருவுக்கு வடிகால் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அற்பம். வரும் வடகிழக்குப் பருவமழைக்குள் அரசு இதைத் தொடங்க வேண்டும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வாசகர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை: ஒரு மழைமானி, ஒரு நோட்டு, தினமும் காலை 8.30. நாளைக்கே தொடங்குங்கள்.