உட்காரச் சொல்ல மறந்தோம்

விழுப்புரம் பாகர்ஷா வீதியிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் துணிக்கடை நடத்துகிறவர்கள், அங்கே சூப்பர்வைசராக இருப்பவர்கள், பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. நாள் முழுக்க நமக்காக நின்ற விற்பனைப் பெண்களை நாம் கவனிக்கவில்லை.

நாம் உட்கார்ந்து பார்க்கிறோம், அவள் நின்றபடி காட்டுகிறாள். கவுண்டர் ஓரத்தில் இடுப்பைச் சாய்த்து, வலது காலின் பாரத்தை இடது காலுக்கு மாற்றுகிறாள். சற்று நேரத்தில் திரும்பவும் மாற்றுகிறாள். இருபது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, டிசைன் பிடிக்கவில்லை என்று நாம் எழுந்து போகிறோம். அத்தனையையும் மடித்து அடுக்குவதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிடுகிறது.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தொழிற்சங்கத் தலைவர் விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காக வருஷக்கணக்கில் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. நாம் என்ன செய்தோம்? ஸ்டூல் வாங்கிப் போட்டோம். கொஞ்ச நாளில் அதன்மேல் துணிக்கட்டு ஏறியது. யாராவது உட்கார்ந்தால், "என்ன, வேலை இல்லையா?" என்று ஒரு குரல் வந்தது.

அந்தக் குரலுக்குரிய சூப்பர்வைசரும் சில வருஷத்துக்கு முன்பு அதே கவுண்டரில் கால் கடுக்க நின்றவர்தான். நன்றாக விற்கிறார் என்று மேலே ஏற்றினோம். ஒருத்தியின் முகம் வாடியிருந்தால் எப்படி விசாரிப்பது, தப்பு நடந்தால் வாடிக்கையாளர் எதிரே திட்டாமல் தனியே கூப்பிட்டு எப்படிச் சொல்வது என்று எதையும் கற்றுத்தரவில்லை. காலையில் முதலாளியிடம் வாங்கிய ஏச்சை மாலைக்குள் அவர் கீழே இறக்கிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வேறு வழியை யார் காட்டினோம்? உளவியலாளர் டேனியல் கோல்மன் 1995இல், தன் மனதையும் பிறர் மனதையும் புரிந்து நடக்கும் உணர்வறிவைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகு, பெரிய கம்பெனிகள் மேலாளர்களுக்கு இதைப் பாடமாகவே நடத்துகின்றன. அதெல்லாம் நம் கடைத்தெருவுக்கு எதற்கு என்று இருந்துவிட்டோம்.

முகத்தில் சிரிப்பை வைத்திருப்பதும் உழைப்புதான் என்று, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983இலேயே எழுதினார். மயிலத்திலிருந்தும் ஒலக்கூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பெண்ணும் அதே உழைப்பைத்தான் தருகிறாள். குழந்தையைக் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்திருந்தாலும் "வாங்கக்கா" என்று சிரிக்கிறாள். ஆடித் தள்ளுபடி சமயத்தில் கடை மூடுகிற நேரத்துக்கு உள்ளே நுழைந்தவர்கள் நாம். கடைசி பஸ்ஸை நினைத்து அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாகக் கவனிப்பதில்லை என்று கல்லாவில் புகார் சொல்லிவிட்டு வந்தோம். அந்தப் புகாருக்கு அவள் என்ன பேச்சு வாங்கினாள் என்று நாம் கேட்டதில்லை.

வருகிற தீபாவளிக்காவது முதலாளிகள் ஸ்டூல் மேலிருக்கும் துணிக்கட்டை இறக்குங்கள். "கூட்டம் இல்லாதப்போ பிள்ளைங்க உட்காரட்டும்" என்று சூப்பர்வைசரிடம் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். துணி எடுக்கப் போகிறவர்கள் நேரத்தோடு போங்கள். புடவையைப் பார்க்கும்போது, "நீயும் உட்காரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.