காசில்லாமல் கிடைக்கும் தமிழ்

பாடப் புத்தகத்தில் சிலப்பதிகாரம் ஒரு பக்கம்தான். கதை முழுவதும் படிக்கப் பிள்ளைக்கு ஆசை. நூல் வாங்கப் பணம் இல்லை. ஆசிரியர் என்ன செய்வார்?

வழி இருக்கிறது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று "மதுரைத் திட்டம்" தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த விஞ்ஞானி கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். திருக்குறள், சிலப்பதிகாரம், மணிமேகலை எல்லாம் இணையத்தில் இலவசம். யாரும் எடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

ஆனால், பல நூல்களில் மூலம் மட்டுமே இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இரும்புக் கடலை! ஆசிரியர்தான் நாலு பாட்டை எடுத்து, எளிய பொருள் எழுதி, அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். பொருள் எழுதுவது அவர் பொறுப்பு. தாளுக்கும் மைக்கும் ஆகும் செலவை அவர் தலையில் கட்டக் கூடாது. சர்க்கார் கொடுக்க வேண்டும்.