சர்க்கார் உடம்பு

'வலிமையான பெண் பாத்திரம்' என்ற வாய்பாடு நம் விமர்சனத்தில் புழக்கத்துக்கு வந்து வெகுநாளாகிறது. ஒரு பெண் துப்பாக்கி தூக்கினால் போதும். பத்துப் பேரைப் பந்தாடினால் இன்னும் விசேஷம். படத்தைப் பற்றி வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை, பாராட்டு தயார். சமீபத்தில் நண்பர்களிடையே 'கோஸ்ட் இன் தி ஷெல்' பற்றிப் பேச்சு வந்தபோது இந்த வாய்பாடுதான் முதலில் வந்து விழுந்தது. 1995இல் மமோரு ஓஷீ செய்த ஜப்பானிய அனிமேஷன் படத்தையும், அதை வைத்து 2017இல் ரூபர்ட் ஸாண்டர்ஸ் ஸ்கார்லட் ஜொஹான்ஸனைக் கொண்டு ஹாலிவுட்டில் எடுத்ததையும் ஒரே தட்டில் போட்டு, இரண்டிலும் கதாநாயகி பலசாலி என்று ஒருவர் தீர்ப்பு வழங்கினார். பலசாலி என்பது பயில்வானுக்குத் தரவேண்டிய சான்றிதழ். அந்தப் பலம் யாருடைய சொத்து, யார் சொல்லி யார்மீது பிரயோகமாகிறது என்று கேட்காதவரை விமர்சனம் தொடங்கவே இல்லை என்பேன்.

ஓஷீயின் படம் கேட்பது இதைத்தான். கதை நடப்பது 2029இல். மேஜர் குஸனாகி மோட்டோகோ ஒன்பதாவது பிரிவு என்ற ரகசியப் போலீஸில் அதிகாரி. மூளையில் கொஞ்சம் நீங்கலாக அவளிடம் மனித உடம்பு என்று எதுவும் மிச்சமில்லை. மற்றதெல்லாம் தொழிற்சாலையில் செய்தது. ஒரு ராத்திரி படகில் உட்கார்ந்து சகா பட்டோவோடு பேசிக்கொண்டிருக்கும்போது விஷயம் வெளியே வருகிறது: வேலையை விட்டால் உடம்பையும், மூளையில் சேர்த்துக் கொடுத்ததையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ராஜினாமாக் கடிதத்தோடு கை, கால், கண் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துபோக யார் இருப்பார்கள்? வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இது பரிச்சயமான ஏற்பாடு. கடனில் வாங்கிய லாரியை வைத்திருக்கலாம், ஓட்டலாம், சம்பாதிக்கலாம், ஆயுத பூஜைக்கு மாலைகூடப் போடலாம்; ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்பாதிகேஷன் என்று வங்கியின் பெயர் இருக்கும். கடன் அடைந்தால் அந்தப் பெயரை நீக்கிவிடலாம் என்பது லாரிக்காரருக்குள்ள ஆறுதல். மேஜருக்குத் தவணையே கிடையாது.

இதே மேஜர்தான் இறுதிப் பகுதியில், கைவிடப்பட்ட ஒரு அருங்காட்சியகத்தில், எட்டுக்கால் பூச்சி மாதிரியான டாங்கியின்மேல் ஏறி மூடியைப் பிடித்து இழுக்கிறாள். முதுகுத் தசை புடைக்கிறது, தோல் கிழிகிறது, கைகள் பிய்ந்து விழுகின்றன. மூடி திறக்கவில்லை. வாய்பாட்டு விமர்சகர் கைதட்டத் தயாராக இருக்கும் இடத்தில் ஓஷீ அந்தப் பலத்தை அதன் எல்லைக்குக் கொண்டுபோய் உடைத்துக் காட்டுகிறார். சர்க்கார் கொடுத்த பலம் சர்க்கார் வேலை எதுவரையோ அதுவரைதான்.

படத்தின் நடுவே ஏறக்குறைய மூன்று நிமிஷம் பேச்சே கிடையாது. மழை, கால்வாய், ஹாங்காங்கை நினைவுபடுத்தும் நகரம், கவாய் கென்ஜியின் இசை. மேலே ஒரு கண்ணாடிக்குப் பின்னால் தன்னைப் போலவே ஒருத்தி உட்கார்ந்திருப்பதை மேஜர் படகிலிருந்து பார்க்கிறாள். கடை ஜன்னல்களில் துணி உடுத்திய பொம்மைகள். ஒரே அச்சில் எத்தனை வார்த்தார்களோ என்ற பயத்தை ஒரு வசனமும் இல்லாமல் நமக்குள் இறக்கிவிடுகிறார். ஆக்ஷன் படம் என்று டிக்கெட் வாங்கியவன் இந்த இடத்தில் நெளிவான். நெளியட்டும்.

ஓஷீக்கு நான் முழு மன்னிப்பு வழங்கவில்லை. மேஜர் உடைகளைக் களைகிறபோது பட்டோ பார்வையைத் திருப்பிக் கொள்கிறான், அவள்மேல் கோட்டைப் போர்த்துகிறான். பட்டோவுக்குள்ள கூச்சம் காமிராவுக்கு இல்லை. தொடக்கத்தில் அவள் உடம்பு தயாராவதைக் காட்டும் காட்சியில் தத்துவம் எவ்வளவு, சபலம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஓஷீயாலும் முடியாது என்று நினைக்கிறேன்.

ஸைபார்க் என்ற சொல்லே 1960இல் மான்ஃபிரெட் க்ளைன்ஸ், நாதன் க்ளைன் என்ற இருவர் விண்வெளிப் பயணத்துக்குத் தக்கபடி மனித உடலைத் திருத்துவது பற்றி எழுதிய கட்டுரையில் பிறந்தது. உத்தியோகத்துக்கு ஏற்ற உடம்பு என்பது அதன் பிறவிக் குணம். டோன்னா ஹாராவே 1985இல் தன் ஸைபார்க் அறிக்கையில், இந்த ஜந்து ராணுவத்துக்கும் ஆணாதிக்க முதலாளித்துவத்துக்கும் முறைகேடாகப் பிறந்தது என்பதை ஒப்புக்கொண்டே, அது தகப்பனுக்கு விசுவாசமாக இருக்கவேண்டிய அவசியமில்லை என்று வாதாடினார். ஓஷீயின் மேஜர் அந்தத் துரோகத்தைச் செய்கிறாள். ஸாண்டர்ஸின் மேஜர் செய்வதில்லை. என் வழக்கு இவ்வளவுதான்.

2017 படத்தில் ஹங்கா என்ற கம்பெனி, வீட்டைவிட்டு ஓடிவந்த ஜப்பானியப் பெண் ஒருத்தியைப் பிடித்து, நினைவை அழித்து, மூளையை வெள்ளைக்காரி உடம்பில் வைத்து, மிரா கில்லியன் என்று பெயர் சூட்டுகிறது. ஜப்பானியப் பாத்திரத்துக்கு வெள்ளைக்கார நடிகையா என்று அப்போது பெரிய சச்சரவு கிளம்பியது. மேஜரின் உருவமே வரித்துக்கொண்டதுதானே, இதில் ஆட்சேபம் என்ன என்று ஓஷீயே சொன்னார். அவர் சொல்வது அவர் படத்துக்குப் பொருந்தும். இந்தப் படத்துக்குப் பொருந்தாது. இங்கே வெள்ளை உருவம் திணிக்கப்பட்டது. திணித்தது ஒரு கம்பெனி. படத் தயாரிப்பாளர்கள் செய்த காரியத்தைத் தங்கள் கதையில் வில்லன் செய்யும் குற்றமாகவே எழுதி வைத்துவிட்டு, அதைக் கவனிக்காமலே சுமார் பதினொரு கோடி டாலரைச் செலவழித்திருக்கிறார்கள். பிரக்ஞையோடு செய்திருந்தால் இது அபாரமான அங்கதமாகியிருக்கும்.

இதைவிட மோசம் 'சம்மதம்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி. மூளையைத் திறந்து பார்க்கும் போதெல்லாம் அவள் தன் பெயரைச் சொல்லிச் சம்மதம் என்று சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் அவள் மறுக்கிறாள். உன் சம்மதம் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை என்று பதில் வருகிறது. படம் முழுவதிலும் உருப்படியான நிமிஷம் அதுதான். அங்கிருந்து எங்கே போயிருக்க வேண்டும்! போவதோ தாயாரைத் தேடி. கல்லறை, தழுவல், கண்ணீர். கெட்டவன் கம்பெனி முதலாளி ஒருவன் மட்டும் என்று ஆனபிறகு, டகேஷி கிடானோ நடிக்கும் போலீஸ் தலைவர் அவனைச் சுட மேஜரிடம் சம்மதம் கேட்கிறார். கொடுக்கிறாள். தன்னை உருவாக்கியதே இதற்குத்தான் என்றும் அவளே சொல்லி, மறுபடியும் மொட்டை மாடியிலிருந்து டியூட்டிக்குக் குதிக்கிறாள். அம்மா கிடைத்துவிட்டாள், உடம்பு யாருடையது என்ற கேள்வி காணாமல் போய்விட்டது. இவளைத்தான் வலிமையானவள் என்கிறார்கள். ஒழுங்காக ஆபீஸ் போகிறவள் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஓஷீயின் படத்தில் பொம்மலாட்டக்காரன் என்று அழைக்கப்படும் ஒரு புரோகிராம் வருகிறது. வெளியுறவு இலாகாவுக்காகத் தயாரிக்கப்பட்டது அது. தானும் ஓர் உயிர் என்று சொல்லி அரசியல் தஞ்சம் கேட்கிறது. மேஜர் அதனோடு கலந்துவிடச் சம்மதிக்கிறாள். ஒப்புதல் படிவம் எதுவும் இல்லை. சர்க்கார் துப்பாக்கிகள் அவளுடைய சர்க்கார் உடம்பைச் சுட்டுத் தள்ளுகின்றன. மிஞ்சிய மூளையைப் பட்டோ காப்பாற்றி ஓர் உடம்பில் வைக்கிறான். சிறுமியின் உடம்பு. கறுப்புச் சந்தையில் அவனுக்கு அவசரத்துக்குக் கிடைத்தது அதுதான். வேண்டுமானால் இங்கேயே தங்கலாம் என்கிறான். அவள் வெளியே போகிறாள். டாங்கி மூடியை இழுக்க அந்தக் கைகளால் ஆகாது. எந்த இலாகாவின் சரக்குப் பதிவேட்டிலும் அவை இல்லை.