பெயர்ப்பலகையில் கன்னடம், துப்பாக்கி முனையில் ஆங்கிலம்

ஆண்டுதோறும் மகாநவமியன்று மைசூரு அரண்மனையில் ஆயுதபூசை நடைபெறுகிறது. ஆயுதத்தை வணங்கிய பின்னரே கையில் எடுக்க வேண்டும் என்பது அம்மரபின் உட்பொருள். அதே நகரில், கட்டணம் செலுத்திக் காற்றுத் துப்பாக்கி சுடும் உள்ளரங்குகளில், ஆயுதத்தை முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்குச் சொல்லப்படும் முதல் சொற்கள் அவருக்கு விளங்காத மொழியில் சொல்லப்படுகின்றன. விதிகள் ஆங்கிலத்தில் சுவரில் தொங்குகின்றன. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் நீட்டப்படுகிறது. கட்டளைகள் ஆங்கிலத்தில் ஒலிக்கின்றன. இதற்கு ‘உலகத்தரம்’ என்று பெயர். உண்மையில் இது பொறுப்பைக் கைகழுவும் ஏற்பாடு.

2008 இல் பெய்சிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வென்றார். 2024 இல் பாரிசில் மனு பாக்கர் பதக்கம் பெற்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் பெயரைத் தமிழகம் அறியும். இவர்களால் இவ்விளையாட்டின்மீது எழுந்த ஆர்வம் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சுடுதளத்துக்கு வருவோர் இரு வகையினர். ஒருவர் மாதக்கணக்கில் பயிலும் வீரர். மற்றவர் விடுமுறை நாளில் குடும்பத்துடன் வந்து, அரைமணி நேரத்துக்குப் பணம் கட்டி, சில குண்டுகளைச் சுட்டுவிட்டுச் செல்பவர். விதிகள் முதலாமவரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. துப்பாக்கியோ இரண்டாமவர் கையில் இருக்கிறது.

சட்டமும் இவ்விடத்தில் ஒதுங்கி நிற்கிறது. 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துப்பாக்கி உரிமம் கோருபவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஆனால் 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமமே தேவையில்லை. உரிமம் இல்லாத இடத்தில் அதற்கான பயிற்சிக் கட்டாயமும் இல்லை. கடுகளவு ஈயக்குண்டுதானே என்று எண்ணுவோர், அது கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும் என்பதை மறந்துவிடுகின்றனர். ஆகவே, அரைமணி நேர வாடிக்கையாளருக்கும் விபத்துக்கும் இடையே நிற்கும் ஒரே தடுப்பு, அங்குள்ள பயிற்றுநர் வாயிலிருந்து வரும் சில சொற்களே. அச்சொற்கள் விளங்காவிடில் தடுப்பே இல்லை.

கருநாடகத்தில் மொழிச்சட்டம் இல்லாமல் இல்லை. வணிக நிறுவனங்களின் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் பலகையின் மேற்பாதியில் இருக்க வேண்டும் என்று 2024 இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன், 2023 டிசம்பரில், பெங்களூரில் ஆங்கிலப் பெயர்ப்பலகைகள் அடித்து நொறுக்கப்பட்டன. இத்தனை ஆவேசமும் வாசலோடு நின்றுவிட்டது. வாசலில் கடையின் பெயர் கன்னடத்தில் மின்னுகிறது. உள்ளே உயிர்காக்கும் விதி ஆங்கிலத்தில் மங்கிக் கிடக்கிறது. பெயரைப் படிக்க முடியாத வாடிக்கையாளருக்கு ஒரு தீங்கும் நேராது. விதியைப் படிக்க முடியாத வாடிக்கையாளரின் நிலை அதுவன்று. மொழிப்பற்று எதை அளக்க வேண்டுமோ அதை அளக்காமல், அளப்பதற்கு எளிதானதை அளந்துவிட்டு ஓய்ந்திருக்கிறது.

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். தசரா விடுமுறையில் சாம்ராசநகரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ ஒரு குடும்பம் வருகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் துப்பாக்கியைத் தூக்குகிறான். “கீப் த மசில் டவுன்ரேஞ்ச்” என்கிறார் பயிற்றுநர். சுடுதள மொழியில் ‘டவுன்ரேஞ்ச்’ என்பது இலக்கு இருக்கும் திசை. சிறுவனுக்குத் தெரிந்த ‘டவுன்’ என்பதன் பொருள் ‘கீழே’. அவன் கீழ்ப்படிகிறான், குழல்வாயைக் கீழே இறக்குகிறான். அங்கே அவனுடைய பாதம் இருக்கிறது. அருகில் அவன் தங்கையின் பாதமும் இருக்கிறது. கட்டளையை மீறியதால் விளைந்த ஆபத்து அன்று இது. கட்டளைக்குப் பணிந்ததால் விளைந்தது.

‘டவுன்’ மட்டுமன்று. துப்பாக்கியின் குழல்வாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழர் காதில் ‘மசில்’ என விழுகிறது. தசைக்கும் அவர்கள் அச்சொல்லையே வழங்குகின்றனர். ‘லோடு’ என்றால் மணல், செங்கல். ‘அன்லோடு’ என்றால் லாரியிலிருந்து சரக்கை இறக்குவது. ‘ஸ்டாப்’ என்றால் பேருந்து நிற்குமிடம். இவை ஆங்கிலச் சொற்களே எனினும், அன்றாடத் தமிழிலும் கன்னடத்திலும் புகுந்து வேறு வாழ்வு வாழ்பவை. பழகிய சொல்லாக ஒலிப்பதால், விளங்கிவிட்டது என்று கேட்பவரும் நம்புகிறார், சொல்பவரும் நம்புகிறார். முற்றிலும் அறியாத சொல் கேள்வியை எழுப்பும். பாதி அறிந்த சொல் கேள்வியையே கொன்றுவிடும்.

கட்டளை என்பது சொல்லி முடித்த கணத்தில் நிறைவுறுவதில்லை. கேட்பவர் அதனை இன்னதென்று ஏற்றுக்கொண்ட பின்னரே நிறைவுறுகிறது. பேச்சைச் செயலாகக் கருதி ஆராய்ந்த ஆஸ்டினின் அடிப்படைக் கருத்துகளுள் இதுவும் ஒன்று. 1977 மார்ச்சில் டெனெரீஃப் ஓடுதளத்தில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். புறப்படத் தொடங்கிவிட்டதாக டச்சு விமானி ஆங்கிலத்தில் சொன்ன தொடரை, புறப்படக் காத்திருப்பதாக எசுப்பானியக் கட்டுப்பாட்டாளர் விளங்கிக்கொண்டார். பல காரணங்கள் கூடிய அவ்விபத்தில் இதுவும் ஒரு காரணம். தொழில்முறையில் தேர்ந்த இருவரிடையே நேரக்கூடியது, ஒரு பயிற்றுநருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கும் இடையே நேராது என்று எவர் உறுதி கூறுவார்?

‘உலகப் போட்டிகளில் கட்டளைகள் ஆங்கிலத்தில்தானே?’ என்று கேட்பர். ஆம். அங்கே செல்பவர் அக்கட்டளைகளை ஆயிரம் முறை கேட்டுப் பழகியவர். இராணுவத்திலும் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்னும் இந்திக் கட்டளைகளுக்குத் தமிழ் வீரர் தயங்காமல் இயங்குகிறார். காரணம், அவை அவருக்குப் பயிற்றப்பட்டவை. எனவே ஆங்கிலத்தின்மீது குற்றமில்லை. பயிற்றாமலே பயன்படுத்தும் ஆங்கிலத்தின்மீதுதான் குற்றம். ‘மைசூருக்கு வருவோர் படித்தவர்கள்’ என்பதும் விடையாகாது. ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவருக்கும் ‘டவுன்ரேஞ்ச்’ புதிய சொல்லே.

இனி, வாடிக்கையாளர் சேவை என்னும் மாயையைக் காண்போம். உணவகத்தில் வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பது சேவை. சுடுதளத்தில் கேட்டதை மறுப்பதே பல வேளைகளில் சேவை. துப்பாக்கியுடன் படம் எடுத்துக்கொள்ள விரும்பும் இளைஞர், இலக்குக்கு முதுகு காட்டித் திரும்புகிறார். அவருடன் குழல்வாயும் மக்களை நோக்கித் திரும்புகிறது. வாடிக்கையாளரின் மனம் கோணக்கூடாது என்று பேசாமலிருக்கும் ஊழியர், பின்னால் நிற்கும் பத்துப் பேரை அம்மனத்துக்குப் பலியிடத் துணிகிறார். பிறகு ஏதேனும் நேர்ந்தால் ஆங்கிலப் படிவம் வெளியே வரும். ‘விதிகளைப் படித்து ஏற்றுக்கொண்டேன்’ என்று அதில் கையொப்பம் இருக்கும். படிக்க இயலாத மொழியில் பெற்ற கையொப்பம் ஒப்புதல் ஆகாது. அது நிறுவனத்துக்குக் கவசம். வாடிக்கையாளருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. புன்னகையுடன் வரவேற்று, குளிர்நீர் கொடுத்து, ‘சார்’ என்று அழைத்து, விளங்காத படிவத்தில் கையொப்பம் வாங்குவதைச் சேவை என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

தீர்வு அரிதன்று, செலவும் பெரிதன்று. ஐந்தே விதிகள் போதும்: குழல்வாய் எப்போதும் இலக்கை நோக்கியே இருத்தல், சுடும் வரை விரல் விசையில் படாதிருத்தல், சொன்ன பின்னரே குண்டு இடுதல், ‘நிறுத்து’ என்றதும் நிறுத்திக் கீழே வைத்தல், எவரேனும் இலக்கின் பக்கம் சென்றால் துப்பாக்கியைத் தொடாதிருத்தல். இவற்றைக் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் படங்களுடன் எழுதி வைக்கலாம். எழுதியதோடு நில்லாமல், வந்தவர் தம் மொழியில் அவ்விதிகளைத் திருப்பிச் சொன்ன பின்னரே துப்பாக்கியைக் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு மொழிப்புலமை வேண்டியதில்லை. கன்னடத்தில் இலக்கு ‘குரி’. தமிழர்க்கு அது ‘குறி’. கன்னடர் ‘பந்தூக்கு’ என்பதை உருது பேசுவோர் ‘பந்தூக்’ என்கின்றனர். ‘நில்லிசி’ என்றால் எந்தத் தமிழர் நிற்கமாட்டார்? ‘டவுன்ரேஞ்ச்’ செய்யாததை ‘குரி’ செய்யும்.

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்கிவரும் நகரம் மைசூரு. மொழியறிஞர் குறைவில்லாத அந்நகரில், ஐந்து விதிகளை நான்கு மொழிகளில் எழுத ஆளில்லை என்று எவரும் சொல்ல முடியாது. குறைவது ஆளன்று, அக்கறை. இதைக் கேட்டுத் தமிழகம் மகிழவும் இடமில்லை. பெயர்ப்பலகையில் தமிழ் கேட்டுப் போராடிய மாநிலத்தில், மின்தூக்கியிலும் நீச்சல் குளத்திலும் தீயணைப்பான் மீதும் உள்ள எச்சரிக்கைகள் எம்மொழியில் உள்ளன என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

தாய்மொழி வாசலில் தோரணமாகத் தொங்க வேண்டியது மட்டுமன்று; ஆபத்து நிற்கும் இடத்தில் அது ஆபத்துக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும். சுடுதளத்தின் தரத்தை அளக்க விரும்புவோர், அதன் இலக்குப் பொறி எந்நாட்டில் செய்தது என்று கேட்க வேண்டாம். முதல்முறை வந்த ஒரு சிறுவனிடம், ‘துப்பாக்கி எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும்?’ என்று அவன் மொழியில் கேட்டால் போதும். அவன் சரியாகக் கைகாட்டினால் அது சுடுதளம். தரையைக் காட்டினால், அவ்விடத்தின் வாசற்பலகை எம்மொழியில் மின்னினாலும் பயனில்லை.