ஊசி போட்ட மாட்டின் பாலை எப்போது ஊற்றலாம்?

கேள்வி: "எங்கள் கலப்பினப் பசுவுக்கு மடிநோய். மூன்று நாள் ஊசி போட்டு வீக்கம் வடிந்துவிட்டது. நாலாம் நாளே பாலை சொசைட்டிக்கு ஊற்றலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மருந்து உடம்பைவிட்டுப் போவதற்குக் கணக்கு உண்டா?"
- ஒரு வாசகி, சங்கராபுரம்

பதில்: கணக்கு உண்டு, அம்மா. ஆனால் வீக்கம் வடிவதற்கும் அந்தக் கணக்கிற்கும் சம்பந்தமில்லை.

பெரும்பாலான மருந்துகள் ரத்தத்திலிருந்து, இருப்பதில் மணிக்கு இவ்வளவு பங்கு என்ற விகிதத்தில் குறையும். உதாரணத்துக்கு, ஊசி போட்ட 2 மணி நேரத்தில் ஒரு மில்லி ரத்தத்தில் 8 மைக்ரோகிராம், 18 மணி நேரத்தில் 2 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். எட்டை இரண்டால் வகுத்தால் 4. அதன் இயற்கை மடக்கை 1.386. இடையில் போன 16 மணி நேரத்தால் வகுக்க, 0.087. இதுதான் வெளியேற்ற மாறிலி. மணிக்கு ஏறக்குறைய நூற்றில் எட்டுப் பங்கு போகிறது. 0.693-ஐ இதனால் வகுத்தால் 8 மணி நேரம். அதாவது எட்டு மணிக்கொரு தடவை மருந்து பாதியாகும். பத்துத் தடவை பாதியானால், 80 மணி நேரத்தில், ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

அப்படியானால் நாலாம் நாள் சரிதானே என்று கேட்பீர்கள். சரியில்லை. இது ரத்தக் கணக்கு. மடிக்கும் ஈரலுக்கும் வேறு வேகம். நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி சதையிலிருந்து மெல்லத்தான் கசியும். காம்புக்குள் ஏற்றும் டியூப் மருந்துக்கோ ரத்தக் கணக்கே உதவாது. சிறுநீரகம் கெட்ட மாட்டில் இன்னும் தாமதமாகும்.

அதனால் மருந்துப் பெட்டியைப் பாருங்கள். பால் ஊற்றக் கூடாத நாட்களை அதில் அச்சிட வேண்டும் என்று 2012-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்த மருந்துக்கென்று சோதித்து உறுதி செய்த கணக்கு இல்லையென்றால், பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். டாக்டர் அதிகம் சொன்னால் அதுவே கணக்கு.

ஒரு வாரப் பால் காசு சிறிய தொகையில்லை, தெரியும். ஆனால் உங்கள் பால் ஊர்ப் பாலோடு ஒரே கேனில் கலக்கிறது. பென்சிலின் ஒவ்வாத குழந்தைக்கு அது ஆபத்து. காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. உறை ஊற்றிய தயிர் தோயாமல் போவதும் இதனால்தான் சில நேரம். நோயில்லாத காம்பின் பாலையும் சேர்க்காதீர்கள், ரத்தம் வழியே அங்கும் மருந்து போகும். கன்றுக்கும் அந்தப் பால் வேண்டாம்.

கடைசி ஊசி போட்ட தேதியையும் நேரத்தையும் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வையுங்கள். நாட்களை அங்கிருந்துதான் எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து அல்ல.