போகிப் புகையின் மேல்மூடி

2018 போகியன்று அதிகாலையில் சென்னை விமான நிலையம் புகைமூட்டத்தில் மூழ்கியது. தரையிறங்க வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. எரிந்த பாயும் டயரும் மட்டுமே அதற்குக் காரணமல்ல. மார்கழிக் கடைசி இரவுகளில் தரை குளிர, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோலக் கவிந்திருக்கும். மூடி 1,000 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்கு இறங்கினால், அதே புகை ஐந்து மடங்கு அடர்ந்துவிடும்.

ஒவ்வொரு போகிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றின் தரத்தை அளந்து வெளியிடுகிறது. நல்ல பணிதான். ஆனால் அந்தக் கருவிகள் உறிஞ்சுவது தரையோரக் காற்றை. மூடி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

செயற்கைக்கோள் போதாதா என்று கேட்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-5பி நாளுக்கு ஒருமுறை, பிற்பகல் ஒன்றரை மணியளவில் கடந்து செல்கிறது. 2020இல் ஏவப்பட்ட தென்கொரியாவின் ஜெம்ஸ் கருவி ஆசியாவை மணிக்கொரு முறை பார்க்கிறது, அதுவும் பகலில்தான். இரண்டுக்குமே சூரிய ஒளி வேண்டும். போகித் தீ மூட்டப்படுவதோ விடியும் முன்!

இருட்டிலும் வேலை செய்வது சீலோமீட்டர். வானை நோக்கி லேசர் துடிப்புகளை அனுப்பி, துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு எந்த உயரத்தில் தூசு அடர்ந்திருக்கிறது என்று காட்டும். அடர்பனியில் தடுமாறும், தூசின் எடையை நேரடியாகச் சொல்லாது. இருந்தும் மூடியைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

பெரிய விமான நிலையங்களில் மேகத்தின் அடிமட்டத்தை அளக்க இந்தக் கருவி ஏற்கெனவே நிற்கிறது. அந்த ஒற்றை எண்ணோடு அதன் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது பெரும் வீண். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வான்வழியை முடக்கியபோது, ஜெர்மனி வானிலைத் துறையின் சீலோமீட்டர்கள் சாம்பல் அடுக்கு இறங்கி வருவதைப் பதிவு செய்தன. இன்று பல ஐரோப்பிய நாடுகளின் கருவிகள் ஒரே வலையமைப்பில் இணைந்திருக்கின்றன.

சென்னையில் மணலி, எண்ணூர் பகுதிக்கு ஒன்று, நகர நடுவில் ஒன்று, தெற்கே ஒன்று என மூன்று கருவிகளையாவது வானிலைத் துறையும் வாரியமும் சேர்ந்து நிறுவ வேண்டும். கடற்காற்று புகும் கரையோரத்தில் மூடியின் உயரம் இடத்துக்கு இடம் மாறும், ஒன்று போதாது. பதிவுகள் அந்தந்த மணி நேரத்திலேயே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். முந்தைய மாலையே மூடி தாழ்வது தெரிந்தால், ஆஸ்துமா உள்ள பிள்ளையை விடியற்காலையில் வெளியே விடாமல் இருக்கத் தாய்க்கு ஓர் இரவு அவகாசம் கிடைக்கும்.