ஸ்கீமா மாறலாம், ஆள் மாறக்கூடாது

தேயிலைத் தொழிற்சாலையில் தூளைத் தரம் பிரிப்பது சல்லடை. அதன் கண் எந்த அளவோ அதற்கேற்ப பி.ஓ.பி. ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம் விழும். மென்பொருளில் ஸ்கீமா செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். பெயர் எப்படி இருக்கணும், அடையாள அட்டை எண் எத்தனை இலக்கம், முகவரியில் எது கட்டாயம் என்று அது விதி போடும். விதிக்கு ஒத்துவராத தரவு வெளியே.

இன்றைக்கு ஒரே செயலிக்குள் அந்தச் சல்லடை ரெண்டு மூணு இடத்தில் இருக்கு. முன்பக்கத்தில் டைப்ஸ்கிரிப்டும் ஸொட்டும், சேவையகத்தில் பைத்தனும் பைடான்டிக்கும், நடுவில் ஜேசன் ஸ்கீமா. ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தர கருவிகள் வந்துவிட்டன. கட்டளை ஒன்று போட்டால் போதும், வேலை முடிஞ்சுது என்று நினைக்கிறோம். முடியவில்லை என்பதுதான் எங்கள் கருத்து. கருவி வடிவத்தை மாற்றும். விதியின் அர்த்தம் கூடவே வருதா என்று அது பார்க்காது.

சின்ன உதாரணம். சொல்லாத புலம் ஒன்று தரவில் கூடுதலாக வந்தால், ஜேசன் ஸ்கீமா இயல்பாகவே அதை அனுமதிக்கும். ஸொட் சத்தமில்லாமல் அதைக் கழற்றிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, தரவு மட்டும் காணாமல் போகும். ஸொட்டில் நாமே எழுதிய தனி விதிகளோ ஜேசன் ஸ்கீமாவாக மாறும்போது விடுபட்டுப் போகும். அவற்றைச் சொல்ல அங்கே வார்த்தையே இல்லை.

இது மலையகத்தில் எங்கே வந்து முட்டுது?

முதலில் அடையாள அட்டை. பழைய எண்ணில் 9 இலக்கம், கடைசியில் வீ அல்லது எக்ஸ். 2016இலிருந்து 12 இலக்கம், எழுத்து கிடையாது. பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, முதல் 5 இலக்கத்துக்குப் பிறகு ஒரு சுழியம் போட்டு, எழுத்தை நீக்கணும். பிறந்த நாள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கு. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. ஆக, 1985 மார்ச் 1இல் பிறந்த பெண்ணுக்கு அந்த இடத்தில் 561 வரும். இது தெரியாத நிரல் அவரை மார்ச் 2இல் பிறந்தவராக்கி, 'பிறந்த திகதி பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பும்.

அந்த எக்ஸ் எழுத்துக்குப் பின்னால் வரலாறும் இருக்கு. அட்டை கொடுக்கும்போது வாக்களிக்கத் தகுதி உள்ளவருக்கு வீ, இல்லாதவருக்கு எக்ஸ். 1948 குடியுரிமைச் சட்டமும் அதற்கு அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தமும் எங்கள் மக்களில் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. மிச்சமிருந்தவர்களுக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். வீ மட்டும் செல்லும் என்று ஒருவர் விதி எழுதினால், அவருக்கு அது ஒரு வரி. எக்ஸ் அட்டையோடு நிற்கிறவருக்கு அது இன்னொரு தடவை வெளியே நிறுத்தப்படுவது.

அடுத்தது பெயர். குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது படிவம். அப்பா பெயரின் முதலெழுத்தோடு வாழ்கிற நாம் எதைப் போடுவது? தமிழில் எழுதினால் இன்னொரு சிக்கல். 'சொல் எழுத்து' என்று ரெஜெக்ஸில் ஒரு குறி உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ஆங்கில எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும்தான் தெரியும். பைத்தனில் 'ம' உள்ளே போகும், 'மா'வின் கால் போகாது. உயிர்க்குறியையும் புள்ளியையும் யூனிகோட் எழுத்தாக வகைப்படுத்தவில்லை. மாரி என்று பெயர் வைத்தவர் ரெண்டு பக்கமும் தோற்பார், ஆனால் காரணம் வேறுவேறு.

பிறகு முகவரி. வீட்டு இலக்கம், வீதி, நகரம் என்று மூன்று கட்டாயப் பெட்டி. லயத்தில் இருப்பவருக்கு இருப்பது தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம். தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டக் காரியாலயம் வழியாக வருவதும் பிந்துவதும் பழைய கதை. அதே கதையை இப்போது கணினிக்குள்ளும் கொண்டுபோகிறோம்.

இதையெல்லாம் கொழும்பிலிருந்து யாராவது திருத்தட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போகிற நம்ம பிள்ளைகள் கையில் ஒரு காரியம் இருக்கு. விதிகளை ஒரே இடத்தில் எழுதுங்க, மற்றவை அதிலிருந்து பிறக்கட்டும். கூடவே ஒரு மாதிரித் தரவுக் கோப்பு வைங்க. ஒற்றைப் பெயர்க்காரர், மார்ச் 1இல் பிறந்த பெண், எக்ஸ் அட்டைக்காரர், வீட்டு இலக்கமில்லாத லயக் குடும்பம், தமிழில் எழுதிய பெயர் எல்லாம் அதில் இருக்கணும். நிஜ ஆட்களின் எண்கள் வேண்டாம், கற்பனை எண்களே போதும். செல்லாத தரவும் கொஞ்சம் சேருங்க. ஸ்கீமாவை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழையதிலும் புதியதிலும் அந்தக் கோப்பை ஓட்டுங்க. ரெண்டு விடையும் ஒன்றாக இருந்தால்தான் மாற்றம் முடிஞ்சது.

இது அரை நாள் வேலை. அந்த அரை நாளை மிச்சம் பிடித்தால், அதன் விலையைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி பிரதேச செயலகத்துக்கு அலைகிற ஒரு அம்மா தன் நாள் சம்பளத்தில் கொடுப்பார்.